ஒன்றே ஒன்று குறை

...ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம், அதையும் இரட்டித்தால் மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து நானூற்று முப்பத்திரண்டு, அவ்வளவுதான், வண்டி சிங்கிரிகாட்டா சிக்னலில் நின்றுவிட்டது, அனுராதாவின் கணக்கும் நின்றது. ஊசி போட்டுக்கொள்ளும்போது பிடித்த பழக்கம் இது, ஒன்றில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போவது, கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவளுக்கு வேறு என்ன ஸ்லோகம் தெரியும்... கணவன் மாதவ் அவள் தோளில் சாய்ந்து தூங்குகிறான், புண்ணியவான், குழந்தைக்காக இன்னொரு முறை முயற்சி செய்வதா, போதுமா என்று நியூ டவுன் டாக்டரிடம் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும், 'நீ என்ன சொல்றியோ அதான்' என்று பாரத்தை இவள் தலையில் இறக்கிவிட்டு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ.

எவ்வளவு பெரிய எண், அதற்குள் இரண்டைத் தவிர யாருமே இல்லை, இரண்டு இரண்டு இரண்டு என்று இருபத்தைந்து தரம், மூன்று எட்டிக்கூடப் பார்க்காது... அதை மீதியில்லாமல் வகுக்கிற சின்ன எண்களை, வழியில் கடந்து வந்தாளே அத்தனையையும், கூட்டினால் அதே எண் வரவேண்டும், வந்தால் நிறை எண், ஆனால் வராது, சரியாக ஒன்று குறையும், ஆகவே குறை எண். யார் வைத்த பெயரோ. லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்க நிற்கும்போது மீனாக்ஷி மாமியும் இதையேதான் சொன்னாள், "எல்லாம் குடுத்திருக்கான் பகவான், அது ஒண்ணுதான்டி குறை", என்ன துல்லியம்! பற்றிக்கொண்டு வந்தது, சிரித்துவைத்தாள். சரி, ஒன்று கூடிப்போகிற எண் உண்டா, கூட்டினால் ஒன்றே ஒன்று அதிகமாக வருவது? இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை, இருக்கவே முடியாது என்று நிரூபித்தவரும் இல்லை, அந்த டாக்டரம்மா மாதிரியே, வாய்ப்பே இல்லை என்று மட்டும் சொல்லமாட்டாள், சொல்லித் தொலைத்தால்தான் என்ன... ஜன்னலுக்கு வெளியே ஏரி வெயிலில் அசையாமல் கிடந்தது, நடுவில் ஒரு தோணி, அதில் ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தான், போய் அவனுக்கு எதிரில் உட்கார்ந்துகொள்ளலாமா, எந்தப் பதிலும் சொல்லாமல், சாயங்காலம் வரைக்கும்...

வண்டி நியூ டவுனுக்குள் திரும்பும்போது மாதவ் விழித்துக்கொண்டான். "அனு, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. இன்னிக்கு அந்த டாக்டரே போதும்னு சொல்லிட்டா நிம்மதின்னு தோணறது." திட்டத்தான் திரும்பினாள், ஆனால் இவளும் அதைத்தானே இவ்வளவு நேரம்... அப்படியானால் இத்தனை வருஷமாக இரண்டு பேரும் யாருக்காக?

"உனக்கு வேணுமா, அனு?" என்றான். உண்டாகுமா என்று கேட்காத ஆள் பாக்கியில்லை, மாமி, மாமியார், பௌதி என்று கூப்பிடுகிற பக்கத்து ஃப்ளாட் வங்காளி அண்ணி, எல்லோரும் கேட்டாயிற்று, வேணுமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை, இவன் கேட்கிறான், அதுவும் க்ளினிக் வாசல் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில். அழுகை வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள், வேணும் என்று வரப்போகிறதா, வேண்டாம் என்றா என்று தானும் காத்துக்கொண்டிருந்தாள்.