ரகசியம் பேச ஒரு தீவு

எங்கள் வீட்டில் ரகசியம் பேச இடம் கிடையாது. இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் மாமியார், இன்னொன்றில் நாத்தனார். நானும் என் வீட்டுக்காரரும் படுப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நடையில். சமையலறையில் நான் எனக்குள் முணுமுணுத்தால்கூட மாமியார் அறையிலிருந்து பதில் வரும். சரி, வேலை செய்கிற இடத்திலாவது பேசலாம் என்றால், எங்களுடையது லாண்டரி. ஓட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் அனுப்புகிற படுக்கை விரிப்புகளைத் துவைக்க ஆறு மெஷின், பிழிய இரண்டு. பிழிகிற மெஷின்கள் சுற்ற ஆரம்பித்தால் பக்கத்தில் நின்று கத்துகிற ஆளின் வாய்தான் தெரியும், சத்தம் வராது. பத்தொன்பது வருஷமாக நாங்கள் கத்தியேதான் குடும்பம் நடத்துகிறோம்.

போன மாதம் யாருக்கும் தெரியாமல் காது டாக்டரிடம் போய் வந்தேன். இடது காது போனது போனதுதான், திரும்பாது என்றார். வலது காதாவது மிஞ்ச வேண்டுமானால் மெஷின் அறைக்குள் காலே வைக்கக் கூடாதாம். பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்டேன். "அதைப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருக்கணும்மா" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

இதை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். அவர் கோபக்காரர் இல்லை. எங்கள் வீட்டுக் கோபம் மொத்தமும் என் குத்தகை. என் பயம் வேறு. விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் இரண்டு முனையைப் பிடிப்பார், நான் இரண்டு முனையைப் பிடிப்பேன், நடந்து வந்து சேர்ப்போம். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. "அப்ப நான் தனியா என்ன பண்றது?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், மறுநாள் காலையில் நான் மெஷின் முன்னால் நிற்பேன். இருக்கிற ஒரு காதும் போகும். என் லட்சணம் எனக்குத் தெரியாதா?

அதற்காகத்தான் தீவு. அங்கே கூடாரம் போட்டுத் தங்குகிற ஒரு முகாம் இருக்கிறது. அவர்களுடைய விரிப்புகள் வாராவாரம் மணலோடு எங்களிடம்தான் வரும். ஒரு தலையணை உறையைக்கூட நாங்கள் தொலைத்ததில்லை என்று முகாம் மேனேஜர் ஒரு ராத்திரி இலவசமாகத் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

"தரையில படுக்கறதுக்குப் படகு ஏறிப் போகணுமா? வீட்ல என்ன குறைச்சல்?" என்றார் வீட்டுக்காரர்.

"வீட்ல ஆளுங்க குறைச்சலா இல்ல, அதான்" என்றேன்.

தீவில் இறங்கியதுமே ஒரு பலகை கண்ணில் பட்டது. மாலை ஆறு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை சத்தம் போடக் கூடாது என்று எழுதியிருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. மொத்தம் நாலு கூடாரம்தான். எங்களுக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் தனியாக வந்திருந்தார். அந்தப் பக்கம் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. நாலாவது காவலாளியுடையது.

நாங்கள் கூடாரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது அந்தக் காவலாளி தலைதெறிக்க ஓடி வந்தார்.

"என்னம்மா, என்ன சண்டை?"

"சண்டையா? கம்பியைப் பிடிங்கன்னு சொன்னேன்."

"அதை இவ்ளோ கோவமாவா சொல்லணும்?"

"கோவமா சொன்னா எப்படி இருக்கும்னு காட்டட்டுமா?"

அவர் பலகையைக் கைகாட்டிவிட்டுப் போனார். நாங்கள் சாதாரணமாகப் பேசுவதே அடுத்தவர்களுக்குச் சண்டையாகக் கேட்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம், தொண்டைக்குத் தெரிய வேண்டுமே.

இருட்டியது. உள்ளே விரித்திருந்த விரிப்பின் மூலையில் எங்கள் லாண்டரியின் சிவப்பு நூல் அடையாளம் இருந்தது. வீட்டுக்காரர் டார்ச் அடித்து அதைப் பார்த்தார். ஒரு கறையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "இது போயிருக்கணுமே" என்று வருத்தப்பட்டார். கடல், காற்று, நட்சத்திரம் எதுவும் அந்த மனிதரின் கண்ணில் படவில்லை.

முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. அதனால் அவருக்கு முதுகு காட்டி வலது பக்கமாகப் படுத்துக்கொண்டேன். துண்டு இரண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து அதில் நன்றாகப் புதைந்துகொண்டேன். குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். டாக்டரிடம் போனது, அவர் மெஷின் வைத்துப் பார்த்தது, ஒரு காது போய்விட்டது, இன்னொன்றும் போகப் போகிறது, இனி நான் மெஷின் அறைக்கு வர முடியாது, எல்லாவற்றையும் சொன்னேன். "உங்கள அங்க தனியா விட எனக்கு மனசே வரலீங்க. என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று முடித்தேன்.

காத்திருந்தேன். பதில் இல்லை. என் கன்னத்தில் சூடாக அவருடைய மூச்சு மட்டும் பட்டுக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மனதைத் திறந்து பேசுகிறேன், மனிதர் தூங்கிவிட்டார். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு, பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்து அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

காலையில் டீயை அவர் கையில் கொடுக்காமல் மணலில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கையைப் பிடிக்க வேறு வந்தார். உதறிவிட்டேன்.

"ஏன், உனக்குச் சம்மதம் இல்லையா?" என்றார்.

"எதுக்குச் சம்மதம்? என்கூட பேசாதீங்க."

அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. சுருங்கட்டும் என்று பல் விளக்கக் குழாயடிக்குப் போனேன். எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. புது மாப்பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அக்கா, எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. யார் சொன்னாலும் காதுல எண்ணெய் மட்டும் ஊத்திடாதீங்க."

"என் காதப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான்கா."

காவலாளி தொண்டையைக் கனைத்தார். "லாண்டரிய மூடிட வேணாம்மா. என் மச்சினன் ஒருத்தன் சும்மாதான் இருக்கான். நல்ல உயரம். விரிப்பு மடிக்கத் தோதா இருப்பான்."

எனக்குக் காலுக்குக் கீழே மணல் நழுவியது. வீட்டில் இரண்டு பேர் காதுக்குப் பயந்து, படகு ஏறி வந்து, ஒரு தீவுக்கே சொல்லிவிட்டேன். எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் என்றால் அங்கே சுவர்கூட இல்லை.

டீச்சர் என் கையைப் பிடித்துத் தனியாக அழைத்துப் போனார்.

"உங்க வீட்டுக்காரர் மெதுவாத்தான் சொன்னார். என் கூடாரம் ஒட்டியே இருக்கறதால கேட்டுடுச்சு, மன்னிச்சுக்கோங்க. வகுப்புல எத்தனையோ பேரை அழ வெச்சவ நான். நேத்து நான் அழுதுட்டேன்."

"அவர் எங்க சொன்னார்? அவர்தான் தூங்கிட்டாரே."

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவர்கிட்டயே போய்க் கேளுங்க. அதை நான் சொன்னா நல்லா இருக்காது."

வீட்டுக்காரர் கூடாரத் துணியைத் தனியாளாக மடிக்கப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தார். ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை பறந்தது.

"நேத்து என்ன சொன்னீங்க?"

"அதான் சொன்னேனே."

"எனக்குக் கேக்கல."

"உன் காதுக்குள்ளயே சொன்னேனேம்மா. எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்கன்னு புரிஞ்சுது, அதான் சத்தம் வராம சொன்னேன்."

"எந்தக் காதுல சொன்னீங்க?"

அவர் என் இடது காதைத் தொட்டார்.

"அதுதாங்க போன காது."

"எந்தக் காதுன்னு நீ சொல்லவே இல்லையே" என்றார்.

வாஸ்தவம். டாக்டர் பேரிலிருந்து பஞ்சு வரைக்கும் தீவுக்கே ஒப்பித்தவள் அதை மட்டும் விட்டிருக்கிறேன்.

"சரி, இப்ப சொல்லுங்க."

அவர் குழாயடிப் பக்கம் பார்த்தார். எல்லாரும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிற ஆள் அவர். துணியைக் கீழே போட்டார். மெஷின் அறையில் பேசுகிற அதே குரலில், தீவு முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"நாளைலருந்து நீ அந்த ரூமுக்குள்ள வரக் கூடாதுன்னு சொன்னேன். எனக்குத் தனியா நிக்கப் பயமா இருக்குன்னும் சொன்னேன். உன் முகத்தப் பாக்காம அங்க ஒரு மணி நேரம் நான் நின்னதில்ல. இருந்தாலும் நீ வர வேணாம்னு சொன்னேன்." என் இடது காதைப் பார்த்தார். "உனக்கு ரெண்டு காதும் கேட்டப்பவே நிறைய பேசியிருக்கணும்னு சொன்னேன்."

காவலாளி பலகையைக் காட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. மூக்கைச் சிந்திவிட்டு, முன்பக்கம் துணி வாங்குகிற மேஜையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். மேஜைக்கும் மெஷின் அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரை இடித்துக் கனமான கண்ணாடி வைத்துவிட்டால் சத்தம் வராது, என் முகமும் தெரியும் என்றார். ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார் போல. கூடாரத் துணியின் மறு முனையை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றேன்.

படகில் அவர் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். சொன்னபடியே பேச ஆரம்பித்தார். சோப்புத்தூள் கம்பெனி மாறியது, அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்றது, படகு எப்படி மிதக்கிறது, ஒன்று விடவில்லை. பாதி வழியில், இந்தப் பக்கம் வந்து உட்காருங்களேன் என்று இடது பக்கத்தைக் காட்டிவிடலாமா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. காட்டவில்லை.