மாப்பிள்ளையின் மெனுவும் தம்பியின் மெனுவும்

எங்கள் வீட்டு லேப்டாப்பை ஆன் செய்தால் திரையில் யாருடைய மெனு முதலில் வரவேண்டும் என்பதில் மூன்று மாதமாக இரண்டு குடும்பங்களுக்கு நடுவே புகைச்சல். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். தருமபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு பக்கம் நாத்தனார் புருஷன், மறு பக்கம் கூடப்பிறந்த தம்பி என்று நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். சிரிப்பெல்லாம் போன இடம் தெரியாது.

நான் பி.சி.ஏ. படித்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் இதைச் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். கல்யாணம், குழந்தை, அவளை எல்.கே.ஜி.யில் சேர்த்தது என்று வருஷங்கள் ஓடிய பிறகு, சாஃப்ட்வேரில் எங்கே தப்பு இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் வேலையை ஆன்லைனில் கற்றுக்கொண்டேன். புதுச்சேரியில் ஒரு கம்பெனி இரண்டு சுற்று வைத்துத் தேர்வு செய்து, மூன்றாவதும் கடைசியுமான சுற்றுக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் செய்து வைத்திருப்பதை வீடியோவில் ஓட்டிக் காட்ட வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. கிடைக்காவிட்டால் அடுப்பு எரியாது என்றில்லை. என் வீட்டுக்காரர் சம்பந்தத்துக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். ஆனாலும் அந்த வேலை எனக்கு வேண்டும். அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை. வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வேலையைப் பழக, விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் தேவைப்பட்டது. லேப்டாப்பில் விண்டோஸ் மட்டும்தான் இருந்தது. என் தம்பி செம்பியன் நெடுங்காட்டிலிருந்து வந்து, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுக் கொடுத்தான். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு மெனு வந்து, 'எது வேண்டும்?' என்று கேட்கும். பூட் லோடர் என்பது இதுதான். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் ஓடி, எதை எழுப்புவது என்று முடிவு செய்கிற சின்ன நிரல். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்று போதும். தாராளமாகப் போதும்.

அடுத்த ஞாயிறு என் நாத்தனார் பூங்கொடியின் கணவர் கார்த்திகேசன் வந்தார். திருமலைராயன்பட்டினத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை. அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா தங்கச்சி இது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி? யாரு போட்டா?"

"தம்பிங்கண்ணே."

"அதான பாத்தேன்" என்றார். அந்த 'அதான பாத்தேன்'தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பத்து நிமிஷத்தில் தன்னுடைய பூட் லோடர் ஒன்றைப் போட்டார். நீல வானம், வட்ட வட்டமாகப் படங்கள், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் தம்பியுடையது இருந்த இடம் தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் செம்பியன் வந்து பார்த்து, "யாருக்கா என்னோடத எடுத்தது?" என்று கேட்டுவிட்டுத் தன்னுடையதை மறுபடி முன்னால் வைத்தான். அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளை. இப்படி ஞாயிறுக்கு ஞாயிறு ஆட்சி மாறியது. இவர்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை. சண்டையெல்லாம் என் லேப்டாப்புக்குள்தான்.

என் மாமியார் சொர்ணாம்பாளுக்குப் பூட் லோடர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் முதல் மரியாதை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"என்ன இருந்தாலும் மாப்பிள்ளையோடதுதான் மொதல்ல வரணும். ஒந்தம்பியோடது பின்னாடி இருந்துட்டுப் போவட்டும். வேணாங்கல."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் மகளின் காதணி விழாப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இரண்டாவது வரிக்குப் போய்விட்டதென்று, அவர் மொய் வைத்த கையோடு சாப்பிடாமல் கிளம்பியதும், அவரைச் சமாதானம் செய்ய என் வீட்டுக்காரர் பட்டினத்துக்கும் தருமபுரத்துக்கும் பஸ்ஸிலேயே குடியிருந்ததும் வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு எதிராக வாயைத் திறந்தால் பூங்கொடிதான் அங்கே பேச்சு வாங்க வேண்டும். தம்பியை ஒதுக்கினால் எங்கள் அம்மா வீட்டில் மூக்கு சிந்துவார்கள். சம்பந்தத்துக்கோ யாரிடமும் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமே கிடையாது. காய்கறிக்காரர் கொடுக்கும் சொத்தைக் கத்தரிக்காயைக்கூட நன்றி சொல்லி வாங்கி வருகிற மனுஷன்.

நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, ரெண்டு எதுக்கு? ஒண்ண எடுத்துட்டா..."

"தங்கச்சி, இதெல்லாம் பூட் லோடர் சமாசாரம். கை வச்சா சிக்கலாயிடும். நீ ஒரு டீ போடு."

இதே சமாசாரத்தில் நான் காலேஜில் பரீட்சை எழுதி எண்பது மார்க் வாங்கியிருக்கிறேன். எழுந்து போய் டீ போட்டேன். சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டேன். என்னால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

கடைசிச் சுற்றுக்கு முதல் நாள், அதாவது ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தம் ஒரு சமாதான விருந்து ஏற்பாடு செய்தார். இருவரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு, ஒரே பாயில் உட்காரவைத்து, ஒரே சமயத்தில் இலை போட்டார். கொடுவாய் மீன் குழம்பு, இறால் வறுவல். குழம்பு நன்றாக அமைந்துவிட்டது என்று நானே சொல்லக் கூடாது, ஆனால் இரண்டாவது சோற்றுக்கே இருவரும் உருகிவிட்டார்கள்.

"தம்பி, சும்மா சொல்லக் கூடாது. ஒங்களோடதுதான் ஸ்பீடு" என்றார் கார்த்திகேசன்.

"அழகுன்னா ஒங்களோடதுதாண்ணே. நான் அன்னைக்கே அக்காகிட்ட சொன்னேன்" என்றான் செம்பியன். என்னிடம் அவன் சொன்னது வேறு. அதை இங்கே எழுத முடியாது.

சாப்பிட்டபின் செம்பியன் பாயில் சாய்ந்த நேரத்தில் மாப்பிள்ளை லேப்டாப் பக்கம் போனார். அவர் வெற்றிலை போடக் கொல்லைப்பக்கம் போன நேரத்தில் செம்பியன் போனான். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சிரித்தபடி கைகுலுக்கிக் கிளம்பியதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துபோனது. இனிமேல் தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை குளித்து, நல்ல சுடிதாராக எடுத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப்பை ஆன் செய்தேன். நீல வானம் வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கறுப்புத் திரை வந்தது. உடனே நீல வானம். மறுபடி கறுப்பு. மறுபடி நீலம். லினக்ஸும் வரவில்லை, விண்டோஸும் வரவில்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தபிறகு எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. விருந்து சாப்பிட்ட விசுவாசத்தில், மாப்பிள்ளை தன் மெனுவிடம், 'நீ நிற்காதே, தம்பியுடையதற்கு வழிவிடு' என்று சொல்லிவைத்திருக்கிறார். தம்பியும் போய்த் தன் மெனுவிடம், 'அண்ணனுடையதற்கு வழிவிடு' என்று சொல்லிவைத்திருக்கிறான். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். கல்யாண மண்டப வாசலில் இரண்டு பெரிய மனுஷர்கள் நின்றுகொண்டு, 'நீங்க முதல்ல போங்க', 'அட, நீங்க போங்க' என்று கும்பிட்டுக்கொண்டே இருந்தால் பின்னால் வருகிறவர்கள் எப்படி உள்ளே போவது? மூன்று மாதம் முட்டிக்கொண்டபோதுகூட லேப்டாப் வேலை செய்தது. மரியாதை செய்துகொண்ட அன்றைக்குப் படுத்துவிட்டது.

லீவு போட்டு வீட்டில் இருந்த சம்பந்தம் பதறிப்போனார். நான் தடுப்பதற்குள் தன் போனில் மாப்பிள்ளையையும் என் போனில் செம்பியனையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு, இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு பேசினார். ஒருவரை முதலில் கூப்பிட்டால் இன்னொருவர் கோபித்துக்கொள்வாராம். இரண்டு பைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வாசலில் நின்றன.

"தம்பி, நீங்க பாருங்க."

"நீங்க இருக்கறப்ப நான் எப்படிண்ணே? நீங்க உக்காருங்க."

"அட, சும்மா பாருங்க தம்பி."

"அண்ணே, ஆன் பண்றப்ப ஒரு கீய அமுக்கிப் புடிச்சிக்கிட்டே இருந்தா மெனு நின்னுடும்" என்றேன் நான். யார் காதிலும் விழவில்லை. மாமியார் விசிறியை மாப்பிள்ளை பக்கம் திருப்பி வைத்தார்.

பத்தரை தாண்டியது. எப்படியோ மாப்பிள்ளை உட்கார்ந்தார். தாடையைத் தடவினார்.

"தம்பி, எனக்கு என்ன தோணுதுன்னா, மொத்தத்தையும் அழிச்சிட்டு ஃப்ரெஷ்ஷா போட்டுடலாம்."

"அதாண்ணே நானும் நெனச்சேன். அதான் கிளீன்."

மூன்று மாதத்தில் முதல்முறையாக இருவருக்கும் ஒரே கருத்து. லினக்ஸ் வந்த நாளிலிருந்து ராத்திரியும் பகலும் நான் செய்து வைத்திருந்ததெல்லாம் அதற்குள்தான் இருந்தது. பரவாயில்லை, பச்சைப் பென்டிரைவில் ஒரு நகல் இருக்கிறதே என்று அலமாரியைத் திறந்தேன். காணவில்லை. திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை அந்தப் பச்சைப் பென்டிரைவைத்தான் லேப்டாப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது என்னோடது."

"ஆமா தங்கச்சி. நேத்து அலமாரியில சும்மா கெடந்துச்சு, எடுத்துட்டுப் போனேன். காலையிலதான் காலி பண்ணி புது லினக்ஸ் ஏத்துனேன்." ரொம்பவும் அன்பாகச் சொன்னார். "உள்ள முக்கியமா ஒண்ணும் இல்லல்ல?"

கேள்வி என்னிடம். விரலோ 'எல்லாவற்றையும் அழி' என்பதற்கு மேலே. பதில் வரும்வரை காத்திருக்கிற விரலாக அது எனக்குத் தெரியவில்லை.

"எந்திரிங்க" என்றேன்.

பக்கத்து வீட்டு மிக்ஸி அந்த நேரம் பார்த்து நின்றது.

"தேவிகா! யார்கிட்ட என்ன பேசுற? மாப்பிள்ளைடி!" என்றார் மாமியார்.

"தெரியும் அத்தை. மாப்பிள்ளையும் எந்திரிக்கணும், என் தம்பியும் தள்ளி நிக்கணும். டேய், கைய எடுடா."

கார்த்திகேசன் எழுந்துவிட்டார். கோபத்தில் இல்லை. அவரிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதே இல்லை போலிருக்கிறது, அதனால் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துவிட்டார். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. இத்தனை நாள் டீ போட்ட ஆத்திரம்.

பென்டிரைவைப் பிடுங்கினேன். அணைத்து, மறுபடி ஆன் செய்து, ஒரு கீயை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீல வானம் வந்தது. நின்றது. முதல் படம் தம்பியின் மெனுவுக்குப் போகிற வழி. அதற்கடுத்த படம் யாரையும் கேட்காமல் நேராக லினக்ஸுக்குப் போகிற வழி. அதைத் தேர்ந்தெடுத்தேன். திறந்துகொண்டது. என் வேலை அத்தனையும் வைத்தது வைத்தபடி இருந்தது. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு வீடியோவில் சேர்ந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது.

மறுமுனையில் இரண்டு பேர். ஒரு அம்மா, ஒரு இளைஞர். "லேட்டா வந்திருக்கீங்களே, என்ன ஆச்சு?" என்றார் அந்த அம்மா.

கரண்ட் போய்விட்டது என்று சொன்னால் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அதைத்தான் சொல்வதாக இருந்தேன். ஆனால் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை, தம்பி, நீல வானம், கறுப்புத் திரை, கொடுவாய்க் குழம்பு, வழிவிட்டது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இளைஞர் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தேன், எதனால் அந்த முடிவுக்கு வந்தேன், வேறு என்ன காரணம் இருந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் நான் செய்ததை ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதிலும் இரண்டு இடத்தில் மடக்கினார். ஒன்றுக்குப் பதில் சொன்னேன், இன்னொன்று தெரியாது என்றேன்.

கடைசியாக, "இது திரும்ப நடக்காம இருக்க என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

"ரெண்டுல ஒண்ண எடுத்துட்டு, மெஷினுக்கு பாஸ்வேர்டு போடப் போறேங்க."

"யார் யாருக்குச் சொல்வீங்க?"

இதற்கு நான் யோசித்தேன். கதவுக்கு வெளியே எல்லோரும் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கதவின் அடியில் ஐந்தாறு கால்விரல்கள் தெரிந்தன.

"யாருக்கும் இல்லீங்க" என்றேன், வெளியே கேட்கும்படி. "அது என் மெஷினுங்க."

அந்த அம்மா அப்போதுதான் சிரித்தார். "எப்ப சேர முடியும்?"

ஒன்றாம் தேதி என்று சொன்னேனா, இன்றைக்கே என்று சொன்னேனா, எனக்கே ஞாபகம் இல்லை. காது அடைத்துப்போயிருந்தது. வீடியோவை அணைத்த பிறகுதான் வெளியே நடக்கிற பேச்சு காதில் விழுந்தது.

"யாருக்கும் இல்லன்னா? மாப்பிள்ளைக்குமா சொல்லாது?" என்று மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். "சம்பந்தம், நீ போயி சொல்லுடா. மாப்பிள்ளைக்கு மட்டுமாவது சொல்லச் சொல்லு."

சொத்தைக் கத்தரிக்காய்க்கு நன்றி சொல்லுகிற என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"முடியாதும்மா" என்றார்.