இன்னொரு கிண்ணம் சாம்பார்

வயல் மண்ணைக் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரைப் பால் புகட்டும் பாலாடையில் எடுத்து நாகம்மாளின் உதட்டோரம் சாய்த்தாள் தியாகராசனின் அக்கா. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்தது.

"மண்ணாசையும் இல்லடா உன் பொண்டாட்டிக்கு" என்று பாலாடையைக் கீழே வைத்தாள்.

முதலில் பால்தான் ஊற்றினார்கள். சிங்கப்பூரிலிருந்து மகன் ராஜ்குமார் வந்து இறங்கிய கையோடு ஊற்றினான். மகள் குந்தவை ஊற்றினாள். கட்டிய புருஷன் தியாகராசனும் ஊற்றினார். பொன்னாசையாக இருக்குமோ என்று தாலிக்குண்டைக் கல்லில் உரசியும் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்றுக்கும் மசியாமல், துருத்தி மாதிரி மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தாள் நாகம்மாள். இப்படி உயிர் இழுபடுகிறதென்றால் ஏதோ ஓர் ஆசை அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அது என்னவென்று கண்டுபிடித்து வாயில் ஒரு சொட்டு விட்டால் உயிர் நிம்மதியாக அடங்கிவிடும். பெரிய டாக்டரே, "இனி வீட்ல வச்சுப் பாத்துக்குங்க" என்று கையை விரித்துவிட்ட பிறகு அக்கா சொல்வதுதானே வைத்தியம்?

"நீதான் சொல்லேண்டா. மனசுல எதை வச்சுக்கிட்டு இப்படிக் கெடக்குறா?"

தியாகராசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அவ எதுக்கும் ஆசைப்பட்டவ இல்லக்கா" என்றார்.

பச்சைப் பொய். அவருக்கு நன்றாகத் தெரியும். மண்ணுமில்லை, பொன்னுமில்லை, மன்னார்குடி தேரடி ஹோட்டல் சாம்பார்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து அந்த வீட்டு அடுப்பு அவள் தலையில்தான். நடவாள் வந்தாலும் அவள்தான் வடிக்க வேண்டும், அறுப்பாள் வந்தாலும் அவள்தான். தன் கைச் சமையலையே காலமெல்லாம் தின்று அலுத்தவளுக்குத்தான் தெரியும், யாரோ வைத்து, யாரோ கொண்டுவந்து ஊற்றுகிற சாம்பாரின் அருமை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேருமாக பஸ் ஏறிப் போவார்கள். பிள்ளைகளுக்குப் பூரி, மசால் தோசை. நாகம்மாளுக்கு என்றைக்கும் இட்லி. இத்தனை தூரம் வந்து இட்லியா தின்பாய் என்று ராஜ்குமார் கேலி செய்வான். இட்லி ஒரு சாக்குதான் என்று அவனுக்கு எங்கே தெரியும்? சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் தனியாக வரும் சாம்பாரை முதலில் முடித்துவிடுவாள். பிறகு மேஜைமேல் இருக்கும் புருஷனின் புறங்கையில் ஆள்காட்டி விரலால் ரெண்டு தட்டு. இன்னொரு கிண்ணம் கேளுங்க என்று அர்த்தம். அவளாக வாய் திறந்து கேட்கமாட்டாள், அத்தனை கூச்சம். தியாகராசன் மட்டும் கூச்சமில்லாத ஆளா என்ன? ரெண்டு இட்லிக்கு எத்தனை சாம்பாரய்யா என்று சப்ளையர் முறைத்தால் மானம் போகுமே என்று உள்ளுக்குள் உதறும். ஆனாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தம்பி, இங்க சாம்பார்" என்பார். வாளி வரும், கிண்ணம் நிறையும், நாகம்மாள் தலையைக் குனிந்தபடியே சிரித்துக்கொள்வாள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போன பிறகும் இரண்டு பேரும் மொபெட்டில் போய் அதே மேஜையில் உட்கார்ந்தார்கள்.

அப்புறம் அவளுக்குக் கிட்னி கெட்டது. உப்பு ஆகாது, புளி ஆகாது, பருப்பு ஆகாது, தண்ணீர்கூட அளந்துதான். இதெல்லாம் போனால் சாம்பாரில் என்ன மிச்சம்? உடம்பு தேறட்டும், போவோம் என்று தியாகராசன் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டினார். போன மாதம் தஞ்சாவூரில் டயாலிசிஸ் முடித்துக் காரில் திரும்பும்போது, தேரடி வந்ததும் அவர் புறங்கையில் அந்த விரல் தட்டியது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஓடிப்போய் வாங்கி வந்துவிடுவார்கள்.

கொல்லையில் முகம் கழுவப் போனவரின் பின்னாலேயே குந்தவை வந்தாள். பைப்பைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்தானப்பா?"

அவர் முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டார்.

"எனக்கும் இப்பதான் ஞாபகம் வந்துச்சு. தேரடி ஹோட்டல். போய் வாங்கியாங்கப்பா."

"குடுத்தா போயிடுவாம்மா" என்றார் தியாகராசன். அறுபத்தெட்டு வயது மனுஷன், மகள் முன்னால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

குந்தவை பைப்பை மூடினாள். உள்ளேயிருந்து அந்த மூச்சு கேட்டது. ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் இரண்டு பேரும் தாங்களும் மூச்சு விடாமல் நின்றார்கள்.

"அம்மா படறது போதும்ப்பா" என்றாள் குந்தவை.

தியாகராசன் சமையலறைக்குப் போய்த் தூக்குப்பாத்திரத்தை எடுத்தார். பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் சாம்பார் நாகம்மாளுக்குப் பிடிக்காது. மொபெட்டை மெதுவாகத்தான் ஓட்டினார். பாமணியாற்றுப் பாலத்தில் காரணமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். ஹோட்டலில் தூக்கை நீட்டி, ஒரு கிண்ணம் அளவு போதும் என்றார். அதற்கு மேல் வாங்குவதற்கு என்ன இருக்கிறது என்று அவர் நினைத்தார்.

வந்ததும் பாலாடையை அவரே எடுத்துக்கொண்டார். தெளிவாக மேலே நின்ற சாம்பாரை ஆற்றி, உதட்டில் வைத்துச் சாய்த்தார். நாகம்மாளின் தொண்டை அசைந்தது. மடக்கென்று விழுங்கினாள்.

"எறங்குதுடா" என்றாள் அக்கா.

இன்னொரு பாலாடை, அதுவும் இறங்கியது. பிறகு இன்னொன்று. இழுப்பு தணிந்து மூச்சு சீரானது. குந்தவை அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். தூக்கு காலியாகும்வரை ஊற்றிவிட்டு, தியாகராசன் கட்டிலின் விளிம்பில் கையை ஊன்றியபடி காத்திருந்தார். வரப்போவது என்னவென்று தெரிந்தே காத்திருந்தார்.

அப்போதுதான் அவர் புறங்கையில் ஒரு தட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

தியாகராசன் குனிந்து பார்த்தார். நாகம்மாளின் ஆள்காட்டி விரல்தான். கண் பாதி திறந்திருந்தது.

"பாத்தீங்களா, இன்னும் கேக்குறா" என்றார் எல்லாரையும் பார்த்து. "பசி வந்துடுச்சு அவளுக்கு. டாக்டருங்களுக்கு என்ன தெரியும்?"

அணையப்போகும் விளக்கு ஒருமுறை நின்று எரியும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. ராஜ்குமார் அவர் கையிலிருந்து தூக்கை வாங்கப் பார்த்தான்.

"நீங்க அம்மாகிட்ட இருங்கப்பா. நான் போறேன்."

"உனக்குக் கேக்கத் தெரியாதுடா" என்றார் தியாகராசன். "அவ என்னைத்தான் கேக்கச் சொல்றா."

செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பிவிட்டார். வழியெல்லாம் மனசு கணக்குப் போட்டது. ரெண்டு நாள் சாம்பார் சாதம் கொடுக்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டால் காரிலேயே கூட்டி வந்து, அதே மேஜையில் உட்காரவைக்கலாம். பிள்ளைகள் இரண்டு பேரும் ஊரில்தானே இருக்கிறார்கள், நாலு பேருமாகவே வரலாம்.

ஹோட்டலில் மத்தியானக் கூட்டம். தியாகராசன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கூச்சமில்லாமல், எட்டு மேஜைக்குக் கேட்கும்படி சொன்னார்.

"தம்பி, இங்க சாம்பார். ரொப்பிக் குடுங்க, வீட்ல கேக்குறாங்க."

வாளியோடு வந்த சப்ளையர், அம்மாவை ரொம்ப நாளாகக் காணோமே என்று விசாரித்தார். உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேவலை, வருகிற சனிக்கிழமை கூட்டிவருகிறேன் என்று தியாகராசன் சொன்னார். தூக்கு விளிம்புவரை நிறைந்தது.

ஒரு கையால் ஓட்டி, மறு கையால் தூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாலம் தாண்டும்போது சட்டைப்பையில் செல் அடித்தது. தூக்கை விட்டுக் கையை எடுக்க மனமில்லை. அதுதான் வந்துகொண்டே இருக்கிறோமே என்று விட்டுவிட்டார். ஓய்ந்து, மறுபடி அடித்தது.

தெருமுனையில் திரும்பியதும் அக்காவின் குரல் கேட்டது. ராகம் போட்டு இழுக்கிற அந்தக் குரலை அவர் எத்தனையோ வீட்டு வாசல்களில் கேட்டிருக்கிறார். வாசலில் ஆண்கள் எழுந்து நின்றார்கள். தியாகராசன் வண்டியை விரட்டவில்லை. வேகத்தடையில் நிதானமாக ஏற்றி, நிதானமாக இறக்கினார். சாம்பார் தளும்பவில்லை.

உள்ளே நாகம்மாளை வடக்கு தெற்காகத் தரையில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றியிருந்தார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. தாடையைத் தூக்கி, வெள்ளைத் துணியால் தலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"வாயைக் கட்டிட்டீங்களாக்கா?" என்று கேட்டார் தியாகராசன்.

அக்காவின் ஒப்பாரி நின்றுபோனது. குந்தவை எழுந்து வந்து தூக்கை வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

நாகம்மாளுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தூக்கை மடியில் வைத்துக்கொண்டார். சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் சுட்டது. அவள் கைகளை இன்னும் சேர்த்துக் கட்டவில்லை, பாயில் பக்கவாட்டில் கிடந்தன. தியாகராசன் தன் இடது கையைக் கவிழ்த்து, அவளுடைய விரலுக்கு எட்டுகிற மாதிரி பாய்மேல் வைத்துக்கொண்டார்.