சோபாவோடு போன இருபதாவது வீட்டுக்காரன்

அன்று மதியம் தையல்கார அக்காவின் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். அங்கிருந்த ஒரே நாற்காலியில் கமா சார், மடியில் அட்டை, அட்டைமேல் வெள்ளைத்தாள். வரிக்கு நாலு கமா போடாமல் அவருக்குக் கை ஓடாது, அதனால் அந்தப் பெயர். சன்னலோர ஸ்டூலில் அவர் மனைவி, ஆஸ்பத்திரி நர்ஸ், செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா மிஷினுக்குப் பின்னால். அவள் புருஷன், ரொட்டிக்கடைக்காரர், வாசற்படியில். ஏனென்றால் சோபா முழுவதும் அக்காவின் தம்பி எலக்ட்ரீஷியன் நீட்டிப் படுத்திருந்தான். இரண்டு வருஷமாக அப்படித்தான். இரண்டு வருஷமாக ரொட்டிக்கடைக்காரர் டிவியை நின்றுகொண்டேதான் பார்க்கிறார்.

அந்தப் புதுத் தெருவுக்குள் பஸ் வர வேண்டுமானால் இருபது வீடுகளில் ஆள் குடியிருக்க வேண்டும் என்று பஸ் ஆபீஸ் சொல்லியிருந்தது. பஸ் கேட்டு கமா சார் எழுதும் மனு அன்றைய தபாலில் போயாக வேண்டும். தெருமுனைப் பெட்டியை நாலு மணிக்குத் திறப்பார்கள். விட்டால் அடுத்த வருஷம்தான். அதுவரை நர்ஸ் தினமும் முக்கால் மணி நேரம் நடந்துதான் மெயின் ரோட்டில் பஸ் பிடிக்க வேண்டும். கமா சார் மூன்று தடவை எண்ணிவிட்டார். வீடு இருபது, ஆள் இருப்பது பத்தொன்பதில்.

இருபது என்றே எழுதிவிடலாமே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார் ரொட்டிக்கடைக்காரர். கமா சாருக்கு அது ஆகாது. நர்ஸ் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். முக்கால் மணி நேர நடை முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது.

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, பூட்டிக் கிடக்கும் கடைசி வீட்டின் சாவி தம்பியிடம்தானே இருக்கிறது என்று போகிற போக்கில் கேட்டாள். அந்த வீட்டு வயரிங்கே அவன் செய்ததுதான். நீயே குடி வந்துவிடப்பா என்று அதன் சொந்தக்காரர் ஆறு மாதமாகக் கெஞ்சுகிறார். ரொட்டிக்கடைக்காரர் மெல்ல எழுந்து நின்றார்.

"அந்த வீட்ல தும்மினா எதிரொலிக்குது மாமா. நான் வரல," என்று தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ எதுக்கு மச்சான் வரணும்? நீ பாட்டுக்குப் படு," என்று மாமா சோபாவின் தலைமாட்டைப் பிடித்தார்.

கால்மாட்டை அக்கா பிடித்தாள். நர்ஸ் ஒரு பக்கம். பல்லில் பேனாவைக் கடித்தபடி கமா சார் மறுபக்கம். சோபா தெருவில் இறங்கியது. எதிர்வீட்டார் தலையணை, குடம், வாளி என்று கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். தம்பி இறங்கவில்லை. படுத்தபடியே, "மாமா, மேல ஒயர், குனிஞ்சு" என்று வழி சொன்னான். சிரிப்பு தாங்காமல் தெருவுக்குள் மூன்று இடத்தில் சோபாவை இறக்கி வைத்தார்கள்.

தம்பி நீட்டிய சாவியால் கதவைத் திறந்து கடைசி வீட்டில் விளக்கைப் போட்டார்கள். சுவரில் தாளை வைத்து, இருபதாவது வீட்டில் எலக்ட்ரீஷியன் 'குடியேறினார்' என்று கமா சார் எழுதப்போனார். கடல் தாண்டி வந்தவன் மாதிரி இருக்கிறது என்றாள் நர்ஸ். 'குடிபுகுந்தார்' என்றார். கதவில் சோபா புக மறுத்து இரண்டு தரம் திரும்பியதை எல்லோரும் பார்த்திருந்ததால் அதுவும் அடிபட்டது. 'குடிவந்தார்' என்றதும் தம்பி தலையைத் தூக்கினான்.

"நான் எங்க சார் வந்தேன்? அப்படி எழுதினா கையெழுத்துப் போட மாட்டேன்."

மணி மூன்றே முக்கால். கமா சார் கண்ணை மூடி யோசித்து, நிதானமாக எழுதினார்: 'தெருவாரால், சோபாவுடன், இன்று, குடியமர்த்தப்பட்டார்.' தம்பி வாங்கி இரண்டு தரம் படித்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"பஸ் வந்தா எங்க நிக்கும்?" என்று கேட்டான்.

"கடைசி வீட்டு வாசல்லதான். திரும்புறதுக்கு அங்கதான் இடம் இருக்கு," என்றாள் நர்ஸ். "நாள் பூரா ஆள் நடமாட்டம் இருக்கும். நீ தும்மினா பத்துப் பேர் என்னாச்சுன்னு கேப்பாங்க."

தம்பி சோபாவை விட்டு எழுந்தான். நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டான்.

ரொட்டிக்கடைக்காரர் ஓடிப்போய் ஒரு விரல் மைதாப் பசையோடு வந்து உறையை ஒட்டினார். நர்ஸ் உறையோடு ஓடினாள், வழியில் அக்கா வீட்டில் விட்ட செருப்பை மாட்டிக்கொண்டு. தெருமுனையில் தபால்காரர் பெட்டிக்குச் சாவி போட்டுக்கொண்டிருந்தார். பசை காயாத உறையை அவர் பைக்குள் அவளே போட்டாள்.