மருந்து தின்னாத கோழிகள்

வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஊர்க் கோழிகள் கூண்டோடு போய்விடும். அதற்கு அரிசியில் கலந்து போடும் தடுப்பு மருந்தொன்றை ஓசூர் ஆய்வுக்கூடத்தில் ஜோதியம்மாள் உருவாக்கியிருந்தாள். சோதித்துப் பார்க்கக் கல்லாவியில் இரண்டு வீடுகள் கிடைத்தன. நாகம்மாவின் கோழிகளுக்கு மருந்து கலந்த அரிசி, தெருக்கோடியில் இருந்த பாப்பம்மாவின் கோழிகளுக்கு வெறும் அரிசி.

ஒரு மாதம் கழித்து இரண்டு வீட்டுக் கோழிகளிடமிருந்தும் ரத்தம் எடுத்துப் போய்ச் சோதித்தாள். நாகம்மாவின் கோழிகளுக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக ஏறியிருந்தது. ஜோதியம்மாள் துள்ளிக் குதிக்காத குறைதான். அடுத்துப் பார்த்தால், பாப்பம்மாவின் கோழிகளுக்கும் அதே அளவு ஏறியிருந்தது. சோதனைக் குழாய்களை மாற்றி வைத்துவிட்டோமோ என்று மறுபடி செய்தாள். முடிவு மாறவில்லை.

மறுநாளே பஸ் பிடித்துக் கல்லாவிக்குப் போனாள்.

"உங்க கோழிங்க நாகம்மா வூட்டுப் பக்கம் மேயப் போச்சாம்மா?"

"அதுங்க எங்க அவ்ளோ தூரம் போவுது? நான்தான் அவகிட்ட ரெண்டு பிடி வாங்கியாந்து போட்டேன், டாக்டரம்மா," என்றாள் பாப்பம்மா, சாணி கரைத்தபடியே. "அவ கோழிக்கு மருந்து, என் கோழிக்கு வெறும் அரிசியா? நாளைக்கு நோவு வந்தா என்னா பண்றது?"

ஜோதியம்மாளுக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

அடுத்த சோதனையைப் போச்சம்பள்ளிப் பக்கம் வைத்தாள். ரத்தம் எடுத்து முடித்ததும் வெறும் அரிசி போடும் வீடுகளுக்கும் மருந்து உண்டு என்று முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். இந்தத் தடவை யாரும் யாரிடமும் ஒரு பிடி கேட்கவில்லை.