நந்தகோபால் உபயம் செய்த அதிர்வு

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் கோவில்பட்டிக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம். விசாரித்தால் எனக்கு எதிராகச் சொல்ல நிறையப் பேர் கிடைப்பார்கள். அவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்பதையும் இதே சூடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது லினக்ஸ் கெர்னலுக்கு வந்து விழுகிற குப்பையைக் கிளறிப் பார்ப்பது என் வேலை. கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிவயிறு. வெளியே இருக்கிற சாமான் எதுவும் அதனோடு பேச வேண்டுமானால் நடுவில் டிரைவர் என்று ஒரு நிரல் வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். அதுதான் அதன் பெருமை. யார் வேண்டுமானாலும் அனுப்புகிறார்கள், அதுதான் சீரழிவு.

என் பங்குக்கு வந்தது கேம் கன்ட்ரோலர். விளையாட்டில் கார் மோதினால் கையில் பிடித்திருக்கிற கன்ட்ரோலர் நடுங்கும் அல்லவா? அந்த நடுக்கத்துக்கான டிரைவர் எதுவானாலும் நான் படித்துப் பார்த்து, அதாவது ரிவியூ செய்து, தலையாட்டினால்தான் உள்ளே போகும். நான் தலையாட்டுவது அபூர்வம். போலந்துக்காரர் ஒருவர் என் பதிலைப் படித்துவிட்டு நிரல் எழுதுவதை விட்டு உருளைக்கிழங்கு பயிரிடப் போய்விட்டார். நல்ல விளைச்சல் என்று கேள்வி. இரண்டு துறைக்கும் நான் செய்த உதவி அது.

அந்த வரிசையில் ராஜபாண்டியின் டிரைவர் வந்தது. எங்கள் தெருக்காரன், பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். காதில் ஹெட்போன் இருந்தால் வேலை, கழற்றினால் சாப்பாடு. முப்பதைத் தாண்டியும் இந்த இரண்டைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். சுதாராணி என்ற பெண்ணைக் காதலிக்கவும் தெரிந்திருந்தது.

சுதாராணியின் அப்பா நந்தகோபால். விளாத்திகுளம் பக்கம் மிளகாயும் பருத்தியும் போடுகிற பெரிய நிலக்காரர். உபயம் செய்வதில் அவருக்கு ஒரு வெறி. கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தார். அதில் தாத்தா பெயர், அப்பா பெயர், ஊர் பெயர், தன் பெயர் எல்லாம் எழுதியதில் வெளிச்சம் வருவதற்கு இடம் இல்லாமல் போய்விட்டது. ஃபேன் கொடுத்தார், இறக்கைக்கு ஒன்றாகப் பெயர். சுற்றினால் படிக்க முடியவில்லை என்று சித்திரை மாதத்தில் ஃபேனை நிறுத்தி வைத்து ஜனங்களை வேக வைத்தவர். பெண்ணைக் கேட்டுப் போன ராஜபாண்டியிடம், “பேரு நிலைக்கிற காரியம் ஒண்ணு பண்ணிட்டு வா, அப்புறம் பாப்போம்” என்று சொல்லியிருக்கிறார். கெர்னலில் ஏறிய பெயர் உலகம் உள்ளவரை இருக்கும் என்று இந்தப் புத்திசாலி அளந்திருக்கிறான். “அப்படின்னா எங்க பேரும் அதுல இருக்கட்டும். இல்லேன்னா பொண்ணு கிடையாது” என்று நந்தகோபால் ஒரு கன்ட்ரோலரைத் தானே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

நான் நிரலைத் திறந்தேன். இடப்பக்க மோட்டார் கனமாக அதிர வேண்டியது, வலப்பக்கம் மெலிசாக. இவன் இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தான். அதைக்கூட மன்னிக்கலாம், நான் மன்னிப்பதில்லை என்றாலும். அதற்குக் கீழே இருந்ததுதான் கண்ணைக் குத்தியது. மோட்டாருக்குக் கட்டளை போகும் ஒவ்வொரு தடவையும், அதற்கு முன்னால், கம்ப்யூட்டர் தன் நடப்பைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தான்: ‘இந்த அதிர்வு உபயம்’ என்று தொடங்கி நந்தகோபாலின் வம்சம் முழுவதும்.

கூப்பிட்டு விட்டேன். வந்தான்.

“ஏலே, இது டிரைவரா, டியூப்லைட்டா?”

“அண்ணாச்சி, நாலே நாலு பேருதான். ஒரு ஓரமாத்தான் இருக்கு.”

“கார் ஒரு தடவை மோதினா அம்பது கட்டளை போகும். ‘நிறுத்து’ங்கிறதும் ஒரு கட்டளைதான். அது இவ்வளவு பேரையும் எழுதி முடிக்கிற வரைக்கும் வாசல்ல நிக்கணுமால?”

“பேர எடுத்தா அவிய பொண்ணு தரமாட்டாக.”

“எடுக்காட்டா நான் தலையாட்டமாட்டேன்.”

“நீங்க தலையாட்டாட்டாலும் அவிய தரமாட்டாக, அண்ணாச்சி” என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது. நிரலை இப்படி எழுதுகிறவன் அழுவதுதான் நியாயம்.

சோதனை செய்யாமல் நான் எதையும் நிராகரிப்பதில்லை. அவன் கொண்டுவந்த கன்ட்ரோலரை ஒயர் இல்லாமல் என் லேப்டாப்போடு இணைத்து ஒரே ஒரு காரை ஒரே ஒரு சுவரில் மோதினேன். நடுக்கம் தொடங்கியது, நிற்கவில்லை. மேசையில் இருந்த டம்ளர் தானாக நடந்து அடுக்களைக்குப் போய்க் கழுவுகிற தொட்டியில் இறங்கியது. மொட்டை மாடியில் காய்ந்த மிளகாய் வத்தல் விதை தனி, தோல் தனியாகப் பிரிந்தது. வீட்டுக்குப் பின்னால் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கரிசல் எல்லாம் கூடி மூடிக்கொண்டது. வெடிப்புக்குள் போன வருஷம் விழுந்த ஒரு செருப்பு மேலே வந்தது. என் அளவு இல்லை.

பேட்டரியைக் கழற்றலாமே என்று கேட்பீர்கள். அதிர்ந்த அதிர்வில் திருகாணிகள் தாமாகவே இறுகிவிட்டன. வெளியிலிருந்து ஒரு மயிரும் நுழையாது.

அந்த நேரம் பார்த்து நந்தகோபால் வந்து இறங்கினார். தன் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க விளாத்திகுளத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். திரையில் அவர் பெயர் அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

“அடேயப்பா! இத்தன தடவையா?”

“நிக்கவே நிக்காதுவே. உம்ம சாமான்தானே, கையில பிடிச்சுப் பாரும்” என்று கொடுத்தேன். அதில் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சூடம் அணைத்தது இதற்கும் சேர்த்துத்தான்.

விரல்கள் ஒட்டிக்கொண்டன. மனிதர் நின்ற இடத்தில் நடுங்கினார். பிறகு நடுங்கியபடியே நகர்ந்தார். வாசலைத் தாண்டி ஓட்டப்பிடாரம் சாலையில் கிழக்கே போக ஆரம்பித்தார். ராஜபாண்டி பைக்கை எடுத்தான். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பைக் அறுபதில் போகிறது, அவர் எங்களுக்கு முன்னால் போகிறார். துண்டு ஒரு கருவேல மரத்தில், செருப்பு அடுத்த கிராமத்தில். வழியில் ஒரு ஆட்டுக்காரர் அவரைக் கும்பிட்டுத் திருநீறு கேட்டார்.

“நிறுத்துங்கவே!” என்று கத்தினார் நந்தகோபால்.

“உம்ம பேருங்க வழிய மறிக்குதுவே! எடுக்கவா?”

கொஞ்ச தூரம் யோசித்தார். “ஊ... ஊர் பேர எடும்!”

ராஜபாண்டியின் முதுகில் லேப்டாப்பைச் சாய்த்து ஊர் பெயரை அழித்து டிரைவரை மறுபடி ஏற்றினேன். வேகம் சற்றுக் குறைந்தது. ஓட்டப்பிடாரத்தில் தாத்தா பெயரைக் கொடுத்தார். “அவரு போயி ரொம்ப நாளாச்சு” என்றார். மேற்கே திரும்பி மணியாச்சிப் பாதையில் அப்பா பெயரையும் கொடுத்தார். தன் பெயரை மட்டும் கொடுக்கவில்லை. கை கழன்று விழப் போகிறவரைக்கூட விடாத ஆசையைப் பார்த்து எனக்குக் கொட்டாவி வந்தது.

மணியாச்சிக்கு முன்னால் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. ரயிலும் வந்துகொண்டிருந்தது. நந்தகோபால் கேட்டை நோக்கிப் போகிறார்.

“எம் பேரயும் எடுத்துத் தொலைங்கவே!”

நான் அழிக்கப் போனேன். ராஜபாண்டி, அந்த வெண்ணெய்வெட்டி, பின்னால் கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டான். அவன் வாழ்நாளில் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

“பேரு இல்லாட்டாலும் சுதாராணியக் குடுப்பியளா, மாமா?”

“குடுக்கேன்லே! கூட்டிட்டுப் போலே! மொதல்ல அத அழி!”

அழித்தேன். ‘நிறுத்து’ கட்டளை உள்ளே போயிற்று. கேட்டின் கம்பியில் வயிறு முட்டிய இடத்தில் நின்றார் நந்தகோபால். ரயில் கடந்து போயிற்று. ஜன்னலோரம் இருந்த ஒருத்தர் அவருடைய மீசை ஒரு கன்னத்துக்கு ஒதுங்கியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார். அது பழைய இடத்துக்கு வர ஆவணி ஆகிவிட்டது.

மோட்டார்களையும் இடம் மாற்றி எழுத வைத்துவிட்டுத் தலையாட்டினேன். டிரைவர் கெர்னலுக்குள் போயிற்று. அந்த ஆவணியிலேயே கல்யாணம். மாமனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மண்டபத்து ஃபேன் ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. எல்லாம் சுற்றின. ராஜபாண்டி தாலி கட்டும்போதும் இடம் வலம் குழம்பினான்; சுதாராணிதான் அவன் கையைத் திருப்பிவிட்டாள். இனி அவனுக்கு ரிவியூ அவள் பார்த்துக்கொள்வாள்.

கன்ட்ரோலரை எனக்கே கொடுத்துவிட்டார்கள். போன வாரம் அந்தத் திருகாணிகளை ஒருவழியாகக் கழற்றித் திறந்தேன். உள்ளே மோட்டார் கிடையாது. கையில் கனம் தெரிவதற்காக இரண்டு இரும்புத் துண்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.