அடுப்போரத்து எண்ணெய்ப் புட்டி

நான் விறகுக் கட்டோடு பின்வாசலில் நுழைந்தபோது, என் பெண்டாட்டி வடிவு, பங்களா அம்மாவின் டைப் மிஷினை வெயிலில் கம்பளி விரித்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றுக்குள் கோணி ஊசியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். கட்டைத் தொப்பென்று கீழே போட்டேன். பங்களாவில் ஒரு கரண்டியைத் தொடுவதென்றாலும் என்னைக் கேட்டுத் தொடு என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே.

"ஏ புள்ள, என்ன சோலி பாத்து வச்சிருக்க?"

"சத்தம் போடாதீங்க. கை நழுவுச்சுன்னா உள்ள இருக்கிற சுருளு அவுந்து போகும்," என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

சுந்தராம்பாள் அம்மா மதுரையில் பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைமேல் செண்பகனூரில் இந்த பங்களா அவருடையது. சீசனுக்கு வந்து இருந்துவிட்டுப் போவார், மற்ற மாதமெல்லாம் சாவிக்கொத்து என் இடுப்பில் கிடக்கும். பங்களாவுக்குப் பின்னால் ஒற்றை அறையும் அடுப்படியும் எங்களுக்கு. எனக்கு முன்னால் இருந்த காவல்காரன் கிராமபோன் பெட்டியைத் திறந்து பாட்டு வைத்தான் என்று, தட்டில் போட்ட சோற்றைத் தின்னவிடாமல் அவனை பஸ் ஏற்றி அனுப்பியவர் அவர். அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னையே வேலைக்குச் சேர்த்தார். எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. பூம்பாறையில் இருந்த பூண்டுக் காடு அண்ணன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வடிவு முழுகாமல் வேறு இருந்தாள்.

அறுபத்திரண்டு தேர்தலுக்கு முந்தின மார்கழி அது. மார்கழிக் குளிரில் அம்மா மலையேறியதே இல்லை. அன்று காலையில் பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்தி, "அம்மா இன்னைக்கு வத்தலக்குண்டுல தங்கிட்டு நாளைக்கு வெள்ளனே கார்ல வர்றாங்களாம். டைப் மிஷினை மேசையில எடுத்து வைக்கச் சொன்னாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் விறகுக்குப் போனேன். வடிவு தூசி தட்ட மிஷின் பெட்டியைத் திறந்திருக்கிறாள். காகிதம் சுற்றும் உருளையைச் சுமந்துகொண்டு நகருமே ஒரு வண்டி, அதை இழுக்கிற கயிற்றை எலி கடித்துத் துப்பியிருந்தது.

"எலி கடிச்சிருச்சும்மான்னு சொல்லிட்டாப் போதாதா? உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"வீட்டைப் பாத்துக்கிற லட்சணம் இதானான்னு கேப்பாங்கள்ல? அப்ப என்ன சொல்வீங்க?"

அவள் கேட்டது சரிதான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

வடிவின் அப்பா நல்லுசாமிக்குப் பழனி அடிவாரத்தில் காவடிக் கடை. மயிற்பீலியைக் காவடியில் வைத்துக் கட்டுவதற்கு மெழுகு தடவிய நூல் ஒன்று உண்டு. மூங்கில் முறிந்தாலும் முறியும், அந்த நூல் அறாது. சீரோடு சீராக ஒரு கண்டு நூலும் கொண்டுவந்திருந்தாள். அதை முறுக்கிக் கயிறாக்கி, சுருளைத் திருகி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொக்கியில் மாட்டி முடிச்சுப் போட்டாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. மிஷினை நிமிர்த்தி ஒரு எழுத்தைத் தட்டினாள். வண்டி டக்கென்று ஒரு எழுத்து தூரம் நகர்ந்தது. தட்டத் தட்ட நகர்ந்துகொண்டே போய், கடைசியில் மணி அடித்தது. எழுத்துக் கம்பிகள் வழுவழுவென்று எழும்பி விழுந்தன. மழைக்காலம் முழுக்கப் பெட்டிக்குள் கிடந்த இரும்பு இப்படி ஓடுகிறதே, எப்படி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

மறுநாள் விடிந்தபோது புல்லெல்லாம் உறைபனி. கணப்பைப் பற்றவைப்பதற்காக முன்கூடத்துக்குப் போனவன், போகிற போக்கில் மேசையில் இருந்த மிஷினை ஒரு தட்டுத் தட்டினேன். கம்பி எழும்பிப் பாதி வழியில் நின்றது. இன்னொன்றைத் தட்டினேன். அது எழும்பவே இல்லை. குனிந்து பார்த்தால் கம்பிகளுக்கு இடையிலெல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது.

"வடிவு, இதுல என்ன ஊத்துன?"

"எண்ணெய் போட்டேன். அப்பா தையல் மிஷினுக்குப் போடுவாரே."

"என்ன எண்ணெய்?"

"தேங்காயெண்ணெய்தான். வேற என்ன இருக்கு நம்ம வீட்டுல?"

அடுப்போரத்தை விட்டு எண்ணெய்ப் புட்டி நகராது எங்கள் வீட்டில். மலையில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான், தள்ளி வைத்தால் கல்லாகிவிடும். அது ஏன் அங்கேயே இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. பழனி வெயிலில் பிறந்து வளர்ந்து, மலையில் முதல் மார்கழியைப் பார்க்கிறவளுக்கு எண்ணெய் இப்படிக் கல்லாக உறையும் என்று யார் சொல்வார்கள்? இருந்தாலும் அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தில், "குடியைக் கெடுத்திட்டியே," என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சின்னதாகிப் போனது.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவலாம் என்றால் நாற்றமே காட்டிக்கொடுக்கும். யோசித்துக்கொண்டு நிற்கும்போதே கீழே வளைவில் கார் ஹாரன் கேட்டது. மேசையோடு மிஷினைக் கணப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டேன். சீகை மரக் கட்டைகளை அள்ளி அடுக்கிப் பற்றவைத்து ஊதினேன். வடிவு முந்தானையை நெருப்பில் காட்டிக் காட்டி, சூட்டோடு கம்பிகளைத் துடைத்தாள். மேலே இருந்தது முந்தானையில் வந்தது. இடுக்கில் இருந்தது வரவில்லை.

அம்மா சால்வையோடு உள்ளே வந்தார். "கணப்புக்குக் கிட்ட போட்டுட்டியா, நல்லதாப் போச்சு," என்று உட்கார்ந்தவர், பெட்டி படுக்கையை இறக்கச் சொல்லவில்லை, காபி கேட்கவில்லை, என்ன அவசரமோ, காகிதத்தைச் செருகித் தட்ட ஆரம்பித்துவிட்டார். வெரசாகத் தட்டினார். கம்பிகள் எழும்பி விழுந்தன. மணி அடித்தது. நான் இன்னொரு கட்டையைத் தள்ளினேன். பழனி முருகா, இந்தக் காகிதம் முடியட்டும் என்று வேண்டிக்கொண்டு இன்னொன்றையும் தள்ளினேன். முன்கூடமே அடுப்படி மாதிரிக் காந்தியது.

"போதும் மலைச்சாமி, வேர்க்குது. எழுத்தும் தெரியல. இதத் தூக்கி ஜன்னல்கிட்ட வை."

"அங்க குளிருமேம்மா."

"எனக்குத்தானே குளிரும், உனக்கென்ன?"

தூக்கினேன். மேசையோடு ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தேன். ஜன்னல் கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருந்தது. அம்மா உட்கார்ந்து தட்டினார். ஒரு வரி ஓடியது, அடுத்த வரியும் ஓடியது. மூன்றாவதில் சத்தம் மந்தமானது. ஒரு கம்பி எழும்பி, காகிதத்தைத் தொடாமல் அப்படியே நின்றது. அம்மா அதை விரலால் தள்ளினார். விரலைத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். மிஷினை மெல்ல ஒரு பக்கம் திருப்பினார். புதுக் கயிறு தெரிந்தது. அதன் மெழுகில் மயிற்பீலி இழை ஒன்று ஒட்டிக்கொண்டு பச்சையாக மின்னியது.

"யாரு தொட்டது?"

"நாந்தாம்மா," என்றேன். சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. அதே நேரத்தில் எனக்குப் பின்னாலிருந்தும் "நாந்தாம்மா" என்று கேட்டது. வடிவு காபித் தம்ளரோடு வாசற்படியில் நின்றாள்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார், அவள் வயிற்றையும் பார்த்தார்.

"இந்தக் கயிறு?"

"எலி கடிச்சிருச்சும்மா. அதான் காவடி நூலை முறுக்கிக் கட்டுனேன்," என்றாள் வடிவு. தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும், "அது அறாதும்மா," என்றாள்.

அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முன்னால் இருந்த காவல்காரனும் இந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. இடுப்பில் சாவிக்கொத்தைத் தொட்டுக்கொண்டேன். கேட்டால் எடுத்துக் கொடுக்கவேண்டியதுதான். வெளியே டிரைவர், "பெட்டியை இறக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

அம்மா குனிந்து, மிஷினுக்கு மேல் வாயைத் திறந்து, சூடான மூச்சை மெல்ல ஊதினார். ஆவி கம்பிகளின் மேல் படர்ந்தது. நின்றிருந்த கம்பி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தன் இடத்தில் படுத்தது. அடுத்த எழுத்தைத் தட்டினார். அது எழும்பிப் பாதியில் நின்றது. அம்மா மறுபடியும் குனிந்து ஊதினார். எங்கள் பக்கம் திரும்பவில்லை, சாவியையும் கேட்கவில்லை. வடிவின் கையிலிருந்த காபியில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.